ஹாப் வாங்கும் முன் தோசைக்கல்லை அளந்து பாருங்கள்

புது வீட்டுச் சமையலறையில் பெரும்பாலும் கடைசியாக முடிவாவது அடுப்புதான். மேடை கட்டி, கிரானைட் பதித்து, அலமாரியின் நிறம்வரை தீர்மானித்த பிறகு கடைக்குப் போய், கறுப்புக் கண்ணாடியில் நான்கு பர்னர் பளபளக்கும் ஹாப் (மேடைக்குள் பதிக்கும் அடுப்பு) ஒன்றைக் காட்டி ‘இதையே போட்டுடலாம்’ என்கிறார்கள். கடையில் அதன்மேல் பாத்திரம் எதுவும் இருப்பதில்லை. வீட்டுக்கு வந்த முதல் நாள் காலையில் 12 அங்குலத் தோசைக்கல்லும் 5 லிட்டர் குக்கரும் சேர்ந்து ஏறும்போதுதான் இரண்டும் இடித்துக்கொள்வது தெரியும். அதற்குள் கிரானைட்டில் ஓட்டை வெட்டியாகியிருக்கும். வெட்டிய ஓட்டையைப் பெரிதாக்கலாம், சின்னதாக்க முடியாது.

மிக்ஸியோ ஃபிரிட்ஜோ சரியில்லை என்றால் மாற்றிவிடலாம். ஹாப் அப்படியல்ல. அது மேடையோடும் எரிவாயுக் குழாயோடும் மின் வயரோடும் சேர்ந்த கட்டுமான வேலை. அதனால் முதலில் வீட்டில் இருக்கும் பாத்திரங்களையும், பிறகு மேடையையும், அதன்பின் மின் இணைப்பையும் பார்த்துவிட்டு, கடைசியாகக் கடைக்குப் போவதே சரியான வரிசை.

மேடைமேல் அடுப்பும் மேடைக்குள் அடுப்பும்

கால் வைத்து மேடைமேல் நிற்பது கேஸ் ஸ்டவ். கிரானைட்டில் ஓட்டை வெட்டி உள்ளே இறக்கி, கண்ணாடிப் பரப்பு மட்டும் மேலே தெரியும்படி பொருத்துவது ஹாப். இரண்டுக்கும் நடுவே, ஓட்டையில் இறக்கவும் செய்யலாம், கால் மாட்டி மேலே நிறுத்தவும் செய்யலாம் என்று ஒரு வகை விற்கிறார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும், இரண்டு வருடத்தில் வீடு மாறக்கூடியவர்களுக்கும் இந்த மூன்றாவது வகையோ சாதாரண ஸ்டவ்வோதான் சரி. வெட்டிய கிரானைட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, வீட்டுக்காரரும் சும்மா விடமாட்டார்.

ஹாப்பின் உண்மையான பயன் அழகைவிட உயரத்தில் இருக்கிறது. நம் ஊர் மேடைகள் பொதுவாக 32, 33 அங்குல உயரத்தில் கட்டப்படுகின்றன. அதன்மேல் ஸ்டவ் வைத்தால் பாத்திரம் உட்காரும் இடம் இன்னும் நான்கைந்து அங்குலம் ஏறும். ஆறு அங்குலக் குழம்புச் சட்டியை வைத்தால் அதன் விளிம்பு 44 அங்குலத்தில் நிற்கும். 5 அடி 2 அங்குலம் உயரமுள்ள ஒருவருக்கு முழங்கை 38, 39 அங்குலத்தில்தான் இருக்கிறது. ஆக, கிளறும் கை எப்போதும் முழங்கைக்கு மேலே தூக்கியபடியே இருக்கும். தோள்பட்டை வலிக்கு ஒரு காரணம் அங்கேதான். ஹாப்பில் பாத்திரம் மேடையிலிருந்து இரண்டு அங்குலம் மட்டுமே உயரும். மூன்று அங்குலக் குறைவு கேட்கச் சின்னதாக இருக்கும். அண்டாவில் பாயசம் கிண்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். வீட்டில் சமைப்பவர் உயரமானவர் என்றால் கணக்கு தலைகீழ். அவருக்கு 33 அங்குல மேடையில் ஹாப் போட்டால் குனிந்தே சமைக்க வேண்டியிருக்கும். மேடையை 35, 36க்கு உயர்த்த வேண்டும்.

ஓட்டையின் அளவுக்கு வருவோம். இந்தத் தொழிலில் அதற்குக் கட்அவுட் என்று பெயர். இதற்குப் பொதுவான அளவு என்று எதையும் நம்பக் கூடாது. 60 செ.மீ. அகல மின் ஹாப்புகள் பலவற்றுக்கு 56 க்கு 49 செ.மீ. பொருந்தும். எரிவாயு ஹாப்புகளில் ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே அளவு மாறும். எனவே ஹாப்பை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு, பெட்டியில் வரும் அளவுத்தாளைக் கிரானைட் வேலைக்காரர் கையில் கொடுத்து வெட்டச் சொல்லுங்கள். நான்கு மூலைகளையும் நறுக்கென்று செங்கோணமாக வெட்டாமல் சற்று வளைத்து வெட்டுவது முக்கியம். கூர்மையான மூலையிலிருந்துதான் கல்லில் விரிசல் கிளம்பும். ஓட்டைக்கும் மேடையின் முன்விளிம்புக்கும் நடுவே நிற்கும் ஒல்லியான கல்பட்டைக்கு அடியில் தாங்கு கொடுக்காவிட்டால், ஹாப் வருவதற்கு முன்பே அது உடையக்கூடும். ஹாப்பின் அடிப்பாகம் மேடைக்குக் கீழே தொங்குவதால் அந்த இடத்தில் மேல் டிராயர் வராது. மாடுலர் கிச்சன் போடுபவரிடம் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

பர்னர் கணக்கு

‘நாலு பர்னர் இருக்கே’ என்று மகிழ்வதற்கு முன் டேப் எடுத்து, ஒரு பர்னரின் நடுவிலிருந்து அடுத்த பர்னரின் நடுவரை அளந்து பாருங்கள். 60 செ.மீ. அகல ஹாப்பில் நான்கு பர்னர் திணித்தால் முன்னும் பின்னுமான இடைவெளி 25 செ.மீ. அளவில்தான் வரும். 12 அங்குலக் கல்லின் பாதி 15 செ.மீ.; 5 லிட்டர் குக்கரின் பாதி 11, 12 செ.மீ. இரண்டையும் கூட்டினால் 27. இடிக்கத்தான் செய்யும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்குக்கூட 75 செ.மீ.க்கு மேல் அகலமுள்ள மூன்று பர்னர் ஹாப், நெருக்கமான நான்கு பர்னரைவிட நன்றாக உழைக்கும். நான்காவது பர்னரில் பெரும்பாலான வீடுகளில் என்ன நிற்கிறது? ஆறிப்போன பால் பாத்திரம்.

பர்னரின் வலிமையைக் கிலோவாட்டில் குறிப்பிட்டிருப்பார்கள். சிறியது 1, நடுத்தரம் 1.75, பெரியது 3, மூன்று வளையத் தீ உள்ளது 3.5 முதல் 4 வரை. சிலிண்டரில் வரும் எல்பிஜியில் ஒரு கிலோ சுமார் 12.8 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம் தரும் என்பதால், ஒரு கிலோவாட் பர்னர் முழுத்தீயில் மணிக்கு 78 கிராம் தின்னும். 3 கிலோவாட் பர்னரை முழுத்தீயில் எரித்துக்கொண்டே இருந்தால் 14.2 கிலோ சிலிண்டர் 60 மணி நேரத்தில் காலி. 4 கிலோவாட் என்றால் 45 மணி நேரம்தான்.

‘ஹாப் மாத்தினதிலிருந்து சிலிண்டர் சீக்கிரம் தீருது’ என்ற புகாரைப் பலரும் சொல்வதற்குக் காரணம் இதோடு முடியவில்லை. எல்பிஜி ஸ்டவ்வுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 4246, வெப்பத் திறன், அதாவது தீயின் சூட்டில் பாத்திரத்துக்குப் போய்ச் சேரும் பங்கு, குறைந்தது 68 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் எரிவாயு ஹாப்புக்கு 2019 முதல் கேட்கப்படும் குறைந்தபட்சம் 55 சதவீதம். சோதனை முறைகள் வேறு என்பதால் இரண்டு எண்களையும் நேருக்கு நேர் வைத்து எடைபோட முடியாது. ஆனால் அடிப்படை அமைப்பில் வேறுபாடு உண்டு. நம் ஸ்டவ்வில் பர்னர் தலை உயர்ந்து நிற்க, சுற்றிலும் திறந்திருக்கும். தீ பாத்திரத்தின் அடியில் குவியும். ஐரோப்பிய பாணி ஹாப்பில் பர்னர் கண்ணாடியோடு மூடிப் பொருத்தப்பட்டிருக்கும். தீ பக்கவாட்டில் விரிந்து கிளம்பும். அகன்ற அடியுள்ள பாத்திரத்துக்கு அது பொருந்தும். ரசச் சொம்பையோ அரை லிட்டர் பால் பாத்திரத்தையோ அந்தப் பெரிய பர்னரில் வைத்தால் தீயில் பாதி, பாத்திரத்தைத் தழுவிக்கொண்டு மேலே போய் கைப்பிடியைத்தான் சுடவைக்கும். ஹாப் வாங்குகிறவர்கள் ஒரு சிறு பர்னராவது இருக்கிறதா என்று பார்ப்பதும், பாத்திரத்தின் அடிக்குள் அடங்கும் அளவுக்கே தீ வைப்பதும் சிலிண்டரைச் சில நாளாவது நீட்டிக்கும்.

‘சிம்’ எவ்வளவு சின்னது என்பதையும் கடையில் கேளுங்கள். மூன்று வளையப் பர்னர்களில் சிலவற்றை எவ்வளவு குறைத்தாலும் தீ பெரிதாகவே இருக்கும். அதில் பால் சுண்டவைக்கவோ புளிக்காய்ச்சல் எண்ணெய் பிரியும்வரை விடவோ முடியாது. பர்னர் தலை பித்தளையா, அலுமினியக் கலவையா என்பது அடுத்த கேள்வி. கனமான பித்தளை, சாம்பார் பொங்கி வழிவதையும் துலக்குவதையும் பல வருடம் தாங்கும். மெல்லிய அலுமினியத் தலை நாளடைவில் உளுத்து, துளைகள் அகன்று, தீ ஒரு பக்கமாகச் சாயும். பித்தளையானாலும் சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றிக் கழுவினால் நெளிந்துவிடும். ஆறவிட்டு, புளித்தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து, துளைகளை ஊசியால் குத்தி, ஈரம் போகக் காயவைத்து மாட்ட வேண்டும். ஈரத்தோடு மாட்டுவதுதான் ‘டப் டப்’ என்ற சத்தத்துக்கும், லைட்டர் இல்லாமல் பற்றும் வசதி திடீரென்று வேலை செய்யாமல் போவதற்கும் முக்கால்வாசிக் காரணம்.

கண்ணாடி வெடிப்பது பற்றி எல்லோருக்கும் பயம் உண்டு. பயத்தில் நியாயமும் உண்டு. அடுப்பில் வருவது 6 அல்லது 8 மி.மீ. கடினமாக்கிய கண்ணாடி. உடைந்தால் சிறுசிறு துண்டுகளாக உதிரும்படி செய்தது. விளிம்பில் பட்ட சின்ன அடி, பொருத்தும்போது ஒரு பக்கமாக இறுகிய திருகு, கண்ணாடிக்கு அடியிலேயே கசிந்து எரியும் எரிவாயு ஆகியவை காரணமாகலாம். நம் வீடுகளில் இன்னொரு காரணமும் சேர்கிறது: அடுப்பைவிடப் பெரிய தோசைக்கல். கல் பர்னரை முழுக்க மூடிக்கொள்ளும்போது மேலே போக வேண்டிய சூடு கீழே திரும்பிக் கண்ணாடியையும் குமிழ்களையும் வேகவைக்கிறது. அரைமணி நேரம் தொடர்ந்து தோசை வார்த்த பிறகு குமிழைத் தொட முடியாத அளவு சுட்டால், அந்தக் கல்லுக்கு அந்த அடுப்பு பொருந்தவில்லை என்று அர்த்தம். பெரிய கல்லும் பெரிய அண்டாவும் அன்றாடம் ஏறும் வீட்டுக்குக் கண்ணாடியைவிட எவர்சில்வர் பரப்பே நல்லது. பளபளப்பு குறைவுதான், நிம்மதி அதிகம். பாத்திரம் தாங்கும் கம்பி வார்ப்பிரும்பாக இருக்கட்டும். தகட்டில் செய்த தாங்கி, பத்து லிட்டர் குக்கரின் எடையில் வளையும்.

இண்டக்‌ஷன், இன்ஃப்ராரெட்

இண்டக்‌ஷன் அடுப்பில் கண்ணாடிக்கு அடியில் செப்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. அது நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும் காந்தப்புலத்தை எழுப்பி, பாத்திரத்தின் அடியிலேயே சூட்டை உண்டாக்குகிறது. கண்ணாடி தானாகச் சுடாது. பாத்திரத்தின் சூடு இறங்கித்தான் சுடும். மின்சாரத்தில் சுமார் 85 சதவீதம் சமையலுக்குப் போய்ச் சேர்கிறது. இரண்டு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க 2000 வாட் இண்டக்‌ஷனுக்கு ஆறு நிமிடம் போதும். 2 கிலோவாட் கேஸ் பர்னருக்கு எட்டு நிமிடம் ஆகும். அடுக்களையில் வெக்கையும் குறைவு. சித்திரை, வைகாசியில் ஃபேன் போட்டுக்கொண்டே சமைக்கலாம் என்பதை ஒரு தொழில்நுட்பக் காரணமாகவே எழுதலாம்.

தடை பாத்திரத்தில் இருக்கிறது. காந்தம் ஒட்டாத பாத்திரம் இதில் சுடாது. அலுமினிய இட்லிக் குண்டான், பித்தளை உருளி, ஈயச் சொம்பு, மண்சட்டி, கல்சட்டி எல்லாம் வெளியே. எவர்சில்வர் என்றாலே சுடும் என்பதும் தவறு: வீடுகளில் அதிகம் புழங்கும் 18/8 வகை எஃகில் காந்தம் ஒட்டாது, அடியில் காந்தத் தகடு பதித்தது மட்டும் வேலை செய்யும். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தப் பொம்மையை எடுத்து ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் வைத்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் கணக்கு தெரிந்துவிடும். இறுக ஒட்டினால் நல்லது. லேசாக ஒட்டி நழுவினால் அடுப்பு அதை ஏற்றுக்கொள்ளும், ஆனால் மெதுவாகச் சுடவைக்கும்.

வார்ப்பிரும்புத் தோசைக்கல்லில் காந்தம் நன்றாக ஒட்டும். ஆனாலும் தோசை சரியாக வராது என்பதை வாங்கிய பிறகே பலர் கண்டுபிடிக்கிறார்கள். தனியாக வைக்கும் இண்டக்‌ஷன் அடுப்பின் சுருள் 16 முதல் 18 செ.மீ. விட்டம்தான் இருக்கும். கல் 28, 30 செ.மீ. இரும்பில் சூடு பரவ நேரமெடுக்கும் என்பதால் நடுவில் ஒரு வளையம் கருக, ஓரம் வெள்ளையாகவே நிற்கும். எடுத்தவுடன் முழு வாட்டில் வைத்தால் அந்த வளையத்தில் மட்டும் பழக்கிய எண்ணெய்ப் பூச்சு எரிந்துபோகும். கல்லே விரிசல் விடுவதும் உண்டு. 400, 600 வாட்டில் ஐந்தாறு நிமிடம் வைத்து ஏற்றி, 22 செ.மீ.க்குள் உள்ள சின்னக் கல்லைப் பயன்படுத்தினால் தோசை வரும். உருண்டை அடியுள்ள பணியாரக்கல்லுக்கும் இருப்புச் சட்டிக்கும் அதுவும் இல்லை. சுட்ட கத்தரிக்காய்த் துவையலுக்கும் சுட்ட அப்பளத்துக்கும் நெருப்புதான் வேண்டும்.

இன்னொரு குறை பலருக்குத் தெரியாது. விலை குறைந்த இண்டக்‌ஷன் அடுப்புகள் குறைந்த வாட்டில் தொடர்ந்து எரிவதில்லை. 300 வாட் வேண்டும் என்று வைத்தால், ஆயிரம் வாட்டில் சில நொடி எரிந்து சில நொடி அணையும். சராசரி 300தான், ஆனால் பால் அந்த சில நொடியில் பொங்கும், பாயசம் அடிப்பிடிக்கும். வாங்கும்போது குறைந்த வாட்டில் தண்ணீர் வைத்துப் பாருங்கள். கொதி அடங்கி மறுபடி எழும்பி என்று விட்டுவிட்டு வந்தால் அது இந்த வகை.

பழுதாவது பெரும்பாலும் உள்ளே மின்சாரத்தை வேகமாகத் திறந்து மூடும் ஐஜிபிடி என்ற பாகம். மின்னழுத்த ஏற்ற இறக்கம், அடியில் உள்ள காற்றுத் துளை அடைபடுவது, கதகதப்பு தேடி உள்ளே குடியேறும் கரப்பான் ஆகியவை அதன் எதிரிகள். சமைத்து முடித்ததும் சுவிட்சை அணைத்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. இங்கே அது கூடாது: உள் ஃபேன் தானாக நிற்கும்வரை இரண்டு நிமிடம் விட வேண்டும். உடலில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதை வாங்கக் கூடாது.

இன்ஃப்ராரெட் அடுப்பில் சிவக்கும் மின்தணல் கண்ணாடி வழியாக எந்தப் பாத்திரத்தையும் சுடவைக்கும். மண்சட்டியும் அலுமினியமும் ஏறும். ஆனால் கண்ணாடியே சூடேறிய பிறகுதான் பாத்திரம் சூடேறும், அணைத்த பிறகும் நெடுநேரம் சுடும். பால் பொங்குகிறதே என்று குமிழைத் திருப்பினால் அது பொங்கிவிட்டுத்தான் நிற்கும். தவழும் குழந்தை எட்டும் உயரத்தில் வைக்கவே கூடாது. பாத்திரத்தை மாற்ற மனமில்லாதவர்களுக்கு இரண்டாவது அடுப்பாக இருக்கலாம். முதல் அடுப்பாக வேண்டாம்.

கரண்ட் பில்லும் சிலிண்டர் விலையும்

எது சிக்கனம் என்பதற்கு ஒரே பதில் இல்லை. உங்கள் மின்கட்டண அட்டைதான் பதில் சொல்லும். ஒரு 14.2 கிலோ சிலிண்டரில் சுமார் 180 யூனிட் அளவு வெப்பம் இருக்கிறது. அதில் 60 சதவீதம் பாத்திரத்துக்குப் போகிறது என்று கொண்டால், அதே வேலையை இண்டக்‌ஷனில் செய்ய 130 யூனிட் அளவில் தேவை. சிலிண்டர் 870 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 130ஆல் வகுத்தால் 6 ரூபாய் 70 காசு. உங்கள் கூடுதல் யூனிட் இதைவிட மலிவாகக் கிடைத்தால் இண்டக்‌ஷன் லாபம், இல்லையென்றால் கேஸ் லாபம்.

தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கில் தொடக்க யூனிட்டுகள் இலவசம். மேலே போகப்போக விலை ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கு இருந்த சலுகையும் குறைந்துவிடும், தாண்டிய யூனிட்டுகள் எட்டு ரூபாய்க்கு மேல். 45 நாளுக்கு ஒரு சிலிண்டர் தீரும் வீடு முழுக்க இண்டக்‌ஷனுக்கு மாறினால் இரண்டு மாதத்துக்கு 170 யூனிட் கூடும். இப்போது 200 யூனிட் ஓடும் வீடு 370இல் நிற்கும், லாபம்தான். ஏற்கெனவே ஏசி போட்டு 450 ஓடும் வீடு 620க்குப் போகும். அங்கே கேஸ்தான் மலிவு. மேற்கூரையில் சோலார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு.

வயரை மறக்கக் கூடாது. 2000 வாட் அடுப்பு ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். சுவரில் இருக்கும் 6 ஆம்பியர் சாக்கெட்டில் மாற்றுப்பின் போட்டுச் சொருகினால் சாக்கெட் உருகும்; முதலில் மீன் நாற்றம் மாதிரி ஒரு வாடை வரும். 16 ஆம்பியர் பவர் பிளக்கும் 2.5 சதுர மி.மீ. செப்பு வயரும் எர்த்தும் வேண்டும். நான்கு இடமுள்ள, மேடையில் பதிக்கும் இண்டக்‌ஷன் ஹாப் 7 கிலோவாட்டுக்கு மேல் கேட்கும். அதற்குத் தனி 32 ஆம்பியர் எம்சிபி (சுமை மீறினால் தானே அணையும் சுவிட்ச்), 6 சதுர மி.மீ. வயர், பெரும்பாலும் மும்முனை இணைப்பு. இன்றைக்கு வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும், புது வீடு என்றால் அந்த வயரை மேடைக்கு அடியில் இழுத்து வைத்துவிடுங்கள். பின்னால் சுவரை உடைப்பதைவிட அது மலிவு. சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் இதைத் தாங்காது. கரண்ட் போனால் அடுப்பும் போகும். புயல் நாட்களில் சென்னையும் கடலூரும் மூன்று நான்கு நாள் இருட்டில் கிடந்ததை நினைத்தால், எரிவாயுவை முழுக்கக் கைவிடத் துணிவு வராது.

அதனால்தான் பெரும்பாலான தமிழ் வீடுகளுக்கு மூன்று பர்னர் கேஸ் அடுப்பு ஒன்றும், பக்கத்தில் 16 ஆம்பியர் பிளக்கோடு தனி இண்டக்‌ஷன் ஒன்றும் சேர்ந்த ஏற்பாடே சரிப்படும். வெந்நீர், பால், அரிசி, பருப்பு இண்டக்‌ஷனில். தோசையும் தாளிப்பும் வறுவலும் தீயில். இரண்டையும் ஒரே கண்ணாடியில் சேர்த்த கலப்பு ஹாப் பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் இண்டக்‌ஷன் பகுதி பழுதானால் ஹாப்பையே கழற்ற வேண்டியிருக்கும். தனியே இருந்தால் அதை மட்டும் கையில் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகலாம்.

எரிவாயு வழி

எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் படர்ந்து மூலையில் தேங்கும். ஹாப்புக்குக் கீழே கதவு போட்ட அலமாரியில் சிலிண்டரை அடைப்பவர்கள், கதவின் அடியிலும் மேலேயும் காற்றுத் துளை விட்டே ஆக வேண்டும். சமையலறையிலேயே சாமி அலமாரி உள்ள வீடுகளில் விளக்கு தரை மட்டத்தில் இருக்கக் கூடாது. குழாய்வழி வரும் இயற்கை எரிவாயு இதற்கு நேர்மாறு. லேசானது, கூரைப் பக்கம் ஏறும், எனவே மேலே காற்றோட்டம் வேண்டும்.

இந்த இரண்டுக்கும் ஜெட், அதாவது பர்னருக்குள் எரிவாயு பீறிடும் துளையுள்ள சிறு முனை, வேறு. வீட்டு எல்பிஜி ரெகுலேட்டர் 30 மில்லிபார் அழுத்தத்தில் தருகிறது, குழாய் எரிவாயு 21 அளவில் வருகிறது. 3 கிலோவாட் பர்னருக்கு எல்பிஜியில் ஏறத்தாழ 0.85 மி.மீ. துளை போதும், இயற்கை எரிவாயுவுக்கு 1.15 வேண்டும். ஜெட்டை மாற்றாமல் எல்பிஜி அடுப்பைக் குழாயில் மாட்டினால் தீ சோம்பலாக எரியும். குழாய்க்கான ஜெட்டோடு சிலிண்டரில் மாட்டுவதுதான் ஆபத்து: மஞ்சள் தீ உயரமாக எழும்பிப் பாத்திரம் கரிப்பிடிக்கும், கார்பன் மோனாக்சைடும் கூடும். உங்கள் தெருவுக்குக் குழாய் வரப்போகிறது என்றால், இரண்டு ஜெட்டும் தரும் மாடலா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

ஹாப்பில் ரப்பர் டியூப் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போவதால் அதை மறந்துவிடுகிறோம். எஃகு வலை உள்ளே வைத்த, ஐஎஸ்ஐ முத்திரையுள்ள டியூப்பையும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆண்டு அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். அது ஹாப்பின் அடித்தகட்டைத் தொடக் கூடாது. தீ அணைந்தால் எரிவாயுவைத் தானே நிறுத்தும் பாதுகாப்புச் சாதனம் உள்ள மாடல் சில ஆயிரம் கூடுதலாக இருக்கும். குழம்பு பொங்கித் தீ அணைவது வாரம் ஒருமுறை நடக்கும் வீட்டில் அந்தப் பணத்தைக் கஞ்சத்தனம் செய்ய வேண்டாம். பர்னர் பக்கத்தில் நிற்கும் சின்ன உலோக முனை சூடாக இருக்கும்வரைதான் வால்வு திறந்திருக்கும்; பற்றவைத்ததும் குமிழைச் சில நொடி அழுத்திப் பிடிக்கச் சொல்வது அது சூடேறத்தான். அந்த முனையில் கரி படிந்தால் கையை எடுத்ததும் தீ அணையும். சாதனம் கெட்டுவிட்டது என்று கம்பியைப் பிடுங்கிவிடும் மெக்கானிக்குகள் உண்டு. மெல்லிய உப்புத்தாளால் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஹாப்பைப் பொருத்த வந்தவர் கிளம்பும் முன் அரைமணி நேரம் நிறுத்திவையுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தீக்குச்சி காட்டிப் பார்ப்பவரை அப்போதே வெளியே அனுப்பலாம். எல்லாப் பர்னரையும் ஒன்றாகப் பற்றவைத்து, தீ நீலமாக, சீராக நிற்கிறதா என்று பாருங்கள். முழுத்தீயிலிருந்து சட்டென்று சிம்முக்குத் திருப்புங்கள், ஜன்னலைத் திறந்துவிட்டும் ஒருமுறை, அணையக் கூடாது. பாதுகாப்புச் சாதனம் இருந்தால் தீயை ஊதி அணைத்துவிட்டுக் காதைக் கொடுத்துக் கேளுங்கள்: ஒரு நிமிடத்துக்குள் ‘டிக்’ என்று வால்வு மூடும் சத்தம் வர வேண்டும். பிறகு வீட்டில் உள்ளதிலேயே பெரிய தோசைக்கல்லை ஏற்றி இருபது நிமிடம் சூடாக்கிவிட்டு, குமிழ்களைத் தொட்டுப் பாருங்கள். கசிவு வாடை எப்போது வந்தாலும் சுவிட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906க்கு அழைக்க வேண்டும். அந்த எண்ணை அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைக்கவும்.